ஸ்ட்ராட்ஃபோர்டில் எதைத் தொழுகிறோம்?

இங்கிலாந்துக்குப் போய்வரும் நம்மவர்களின் பயணக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு பத்தி இடம்பெறும். ஏவன் ஆற்றங்கரையில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்னும் சிற்றூர். ஹென்லி தெருவில் மரச்சட்டங்கள் துருத்தித் தெரியும் பழைய வீடு. மாடியில் தாழ்ந்த கூரையுடன் ஓர் அறை. இந்த அறையில்தான் உலக மகாகவி ஷேக்ஸ்பியர் முதல் மூச்சு விட்டார் என்று வழிகாட்டி சொன்னதும் கட்டுரையாளருக்கு மெய்சிலிர்க்கும், கண்கள் பனிக்கும், கைகள் தாமாகவே சுவரைத் தொடும். பிறகு கவிஞருடைய தாயின் வீடு, மனைவியின் குடிசை, மகளின் மாளிகை என்று ஒரு சுற்று. கடைசியில் நினைவுப்பொருள் கடை. கட்டுரை முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட கட்டுரைகளை நாம் எத்தனையோ படித்தாயிற்று. நம் குழுவில் ஒருவரே இதே பத்தியைச் சொல் மாறாமல் ஒருகாலத்தில் எழுதியவர்தாம். ஆகவே இது பிறர்மீது மட்டும் எறியும் கல் அன்று. இருந்தாலும் எறிந்தே ஆகவேண்டும். ஏனெனில் அந்தப் பத்தியில் வருகிற செய்திகளில் சரிபாதிக்கு ஆதாரம் கிடையாது. ஆதாரம் உள்ளவையோ அந்தக் கட்டுரைகளில் வருவதே கிடையாது. ஓர் ஊரின் பழமையைப் பார்க்கப் போனவர்கள் பழமையைப் பார்க்காமலேயே திரும்பி வருகிறார்கள் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

முதலில் அந்த அறையை எடுத்துக்கொள்வோம்.

ஷேக்ஸ்பியரின் பிறப்பைப் பற்றி நம்மிடம் இருப்பது ஒரே ஓர் ஆவணம். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பங்குப் பதிவேட்டில், 1564 ஏப்ரல் 26 அன்று ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டதாக லத்தீன் மொழியில் ஒரு வரி உள்ளது. அந்தப் பதிவேடும் மூலம் அன்று. 1600ஆம் ஆண்டு பழைய பதிவுகளைப் பார்த்து எடுத்த பிரதி. ஏப்ரல் 23 என்ற பிறந்தநாள் பிற்காலத்தார் கணித்துக்கொண்டது. எந்த வீட்டில், எந்த அறையில் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

தந்தை ஜான் ஹென்லி தெருவில் வாழ்ந்தார் என்பதற்கு மட்டும் ஐயமற்ற சான்று உண்டு. அதுவும் வேடிக்கையான சான்று. 1552ஆம் ஆண்டு, தெருவில் குப்பைமேடு போட்ட குற்றத்துக்காக அவருக்கு ஒரு ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். உலக மகாகவியின் குடும்பம் அந்தத் தெருவில் வாழ்ந்ததற்கு முதற்சான்று ஓர் எருக்குவியல்! இதைவிட உயிருள்ள வரலாற்றுச் செய்தி அந்த ஊரில் வேறு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் நம் பயணக் கட்டுரையாளர் எவரும் இதை எழுதியதாக நாம் படித்ததில்லை. குப்பைமேட்டின் முன்னால் கண் பனிக்காது அல்லவா?

1556இல் ஜான் அந்தத் தெருவில் ஒரு வீடு வாங்கினார். 1575இல் மேலும் இரண்டு வீடுகள் வாங்கினார். இவற்றில் எது இன்று நாம் பார்க்கும் கட்டடத்தின் எந்தப் பகுதி என்பதை ஆய்வாளர்கள் நெடுநாள் விவாதித்திருக்கிறார்கள். மாடியறையே பிறந்த அறை என்பது கர்ணபரம்பரைச் செய்தி. கர்ணபரம்பரைச் செய்தியை இழிவாகச் சொல்லவில்லை. அதை அப்படியே பெயர் சொல்லி அழைக்கவேண்டும் என்கிறோம்.

இனி அந்தக் கட்டடத்தின் முகத்தைப் பார்ப்போம். கவிஞருக்குப் பிறகு வீட்டின் ஒரு பகுதி விடுதியாயிற்று. மறுபகுதியில் அவருடைய தங்கை ஜோன் ஹார்ட்டின் வழிவந்தவர்கள் 1806 வரை, ஏறக்குறைய 200 ஆண்டுகள், குடியிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே கசாப்புக்கடை வைத்திருந்தார். விடுதிப் பகுதிக்குச் செங்கல் முகப்பு வந்தது. 1847இல் வீடு ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்கக் காட்சிக்கூடக்காரர் பார்னம் அதை வாங்கிக் கப்பலேற்றப் பார்க்கிறார் என்ற செய்தி பரவி இங்கிலாந்து பதறியது. நன்கொடை திரட்டினார்கள், சார்ல்ஸ் டிக்கன்ஸ் போன்றவர்கள் அந்த முயற்சிக்குத் தோள்கொடுத்தார்கள். 3000 பவுண்டுக்கு வீடு பொதுச்சொத்தாயிற்று. இதுவரை எல்லாம் பாராட்டத்தக்கதே.

1857 முதல் 1864 வரை நடந்த புதுப்பிப்பைத்தான் நாம் உற்றுநோக்கவேண்டும். தீ பரவக்கூடாது என்ற காரணத்தால் இருபுறமும் ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். தெருவோடு தெருவாகத் தோளுரசி நின்ற வீடு தனிமாளிகையைப் போல் தனித்து நின்றது. செங்கல் முகப்பை அகற்றினார்கள். 1769இல் வெளியான ஒரு சித்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு மரச்சட்ட முகப்பையும் முக்கோணக் கூரைமுகங்களையும் புதிதாக எழுப்பினார்கள். உள்ளே பழைய மரங்கள் நிறைய உள்ளன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று ஒவ்வொரு பயணியும் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அந்த முகம் விக்டோரியா காலத்து முகம். கவிஞர் இறந்து 153 ஆண்டுகள் கழித்து வெளியான ஒரு படத்தைப் பார்த்து, மேலும் ஒரு நூற்றாண்டு கழித்துச் செய்த முகம்.

இந்தப் புதுப்பிப்பில் காணாமற்போனவை எவை? விடுதி போயிற்று. கசாப்புக்கடை போயிற்று. இருநூறு ஆண்டுகள் அங்கே அடுப்பெரித்த குடும்பத்தின் தடங்கள் போயின. இத்தனைக்கும் அந்தக் கசாப்புக்காரர் அந்நியர் அல்லர். கவிஞரின் தங்கை வழிப் பேரர். ஷேக்ஸ்பியரின் இரத்தம் ஓடிய உண்மையான மனிதர்களை வெளியேற்றிவிட்டு, ஷேக்ஸ்பியர் பிறந்திருக்கக்கூடிய ஒரு தொட்டிலுக்கு இடம் ஒழித்திருக்கிறார்கள்.

வில்ம்கோட் கதை இதைவிடப் பெரிய பாடம். ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள அந்தக் கிராமம் கவிஞரின் தாய் மேரி ஆர்டனின் ஊர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் ஜோர்டன் என்ற உள்ளூர்க் கவிஞர் அங்கே ஓர் அழகிய மரச்சட்ட வீட்டைக் காட்டி, இதுவே மேரி ஆர்டனின் வீடு என்றார். அவர் பயணிகளுக்கு வழிகாட்டியாகவும் இருந்தவர் என்பதை நினைவில் கொள்க. ஊர் நம்பிற்று, நாடு நம்பிற்று. 1930இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது. எழுபது ஆண்டுகள் பயணிகள் வரிசையில் நின்று அந்த வீட்டைக் கண்டார்கள். கவிஞரின் தாய் உலாவிய கூடம், தாய் சமைத்த அடுப்பு என்று சிலிர்த்தார்கள்.

2000ஆம் ஆண்டு நாட் ஆல்காக் என்ற ஆய்வாளர் பழைய நிலப் பத்திரங்களைக் கூர்ந்து படித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார். அந்த வீடு ஆடம் பாமர் என்ற அண்டைவீட்டு விவசாயியுடையது. ஆர்டன் குடும்பத்தின் வீடு அதற்குப் பக்கத்தில் நின்ற கிளீப் பண்ணைவீடு. பிற்காலத்துச் செங்கல் போர்த்திய, பார்ப்பதற்குச் சாதாரணமான வீடு அது. சுற்றுப்புறம் கெட்டுவிடக்கூடாதே என்று அறக்கட்டளை 1968இல் அதையும் வாங்கிப்போட்டிருந்ததால் நல்லவேளையாக அது பிழைத்திருந்தது. அதன் உத்திரங்களின் ஆண்டு வளையங்களைச் சோதித்தபோது 1514ஆம் ஆண்டு வெட்டிய மரம் என்று தெரிந்தது.

வாசக அன்பர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். எழுபது ஆண்டுகள் சிலிர்த்த அத்தனை மெய்களும் பக்கத்து வீட்டில் சிலிர்த்தன. கவிஞரின் ஆவி அங்கே உலவுவதாக உணர்ந்த அத்தனை பேரும் ஆடம் பாமர் என்ற நல்ல மனிதரின் கூடத்தில் நின்று உணர்ந்தார்கள். உண்மையான வீடு கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது; ஒருவரையும் அது சிலிர்க்க வைக்கவில்லை, ஏனென்றால் அழகாக இல்லை. அப்படியானால் அந்தச் சிலிர்ப்பு எதிலிருந்து வந்தது? சுவரிலிருந்து வரவில்லை என்பது தெளிவு. பெயர்ப்பலகையிலிருந்து வந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். பிழை தெரிந்தவுடன் அறக்கட்டளை அதை மூடிமறைக்கவில்லை. உலகறியச் சொல்லியது; பாமர் வீட்டுக்குப் பாமரின் பெயரையே வைத்தது. தான் விற்ற நுழைவுச்சீட்டுகளெல்லாம் தவறான வீட்டுக்கு விற்றவை என்று ஒப்புக்கொள்ளும் துணிவு எல்லா நிறுவனங்களுக்கும் வாய்ப்பதில்லை. நம் கோபம் அவர்கள்மீது அன்று. இத்தனைக்குப் பிறகும் 'மகாகவியின் தாய் வாழ்ந்த அழகிய மரவீடு' என்று பழைய பாட்டையே பாடும் பேனாக்கள்மீதுதான்.

மற்ற வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். ஷாட்டரியிலுள்ள 'ஆன் ஹாதவேயின் குடிசை' குடிசையே அன்று. வசதியான விவசாயக் குடும்பம் ஒன்றின் பன்னிரண்டு அறைகள் கொண்ட பண்ணைவீடு. கூரையில் வைக்கோல் இருப்பதால் அதைக் குடிசையாக்கியது பின்வந்தவர்களின் கற்பனைக் கண். 'ஹால்ஸ் கிராஃப்ட்' என்ற மாளிகையின் மரங்கள் 1613ஐச் சேர்ந்தவை. கவிஞரின் மருமகனான மருத்துவர் ஜான் ஹால் அங்கே வாழ்ந்தார் என்பது வழக்காறு. ஏழைக் குடிசையிலிருந்து எழுந்த மேதை என்ற கதைக்குக் குடிசை தேவைப்படுகிறது. ஆகவே குடிசை கிடைக்கிறது.

இந்த வழிபாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் நமக்கே சற்று வெட்கம் வரும்.

1597இல் ஷேக்ஸ்பியர் ஊரின் பெரிய வீடுகளில் ஒன்றான நியூ பிளேஸை வாங்கினார். பத்திரத்தில் குறித்த தொகை 60 பவுண்டு. 1616இல் அங்கேதான் இறந்தார் என்று கருதப்படுகிறது. பிற்காலத்தில் அந்த இடம் பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்ற பாதிரியாரின் கைக்கு வந்தது. தோட்டத்தில் கவிஞர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கொட்டை மரத்தைப் பார்க்க வந்துகொண்டே இருந்தவர்களின் தொல்லை தாங்காமல் 1756இல் அவர் மரத்தை வெட்டினார். ஊரார் அவருடைய சன்னல்களை உடைத்தார்கள். வரித் தகராறும் சேர்ந்துகொள்ள, 1759இல் வீட்டையே இடித்துத் தள்ளிவிட்டு ஊரைவிட்டுப் போனார். ஷேக்ஸ்பியரின் வீட்டை இடித்த பாவி என்று இன்றும் அவரைத் திட்டாத பயணக் கட்டுரை இல்லை.

ஆனால் காஸ்ட்ரெல் இடித்தது ஷேக்ஸ்பியரின் வீட்டை அன்று. அந்த வீட்டை சர் ஜான் கிளாப்டன் 1702ஆம் ஆண்டிலேயே மாற்றி, புதிய பாணியில் எழுப்பியாயிற்று. அவரை யாரும் திட்டுவதில்லை. அவர் பெயரே யாருக்கும் தெரியாது. அக்காலத்தில் யாத்திரிகர் கூட்டம் கிடையாது, ஆகவே பாவமும் கிடையாது. பாவத்தை உண்டாக்கியதே வழிபாடுதான்.

வெட்டிய மரமோ விறகாகவில்லை. தாமஸ் ஷார்ப் என்ற கைவினைஞர் அதை வாங்கி, பேழைகளும் கோப்பைகளும் செய்து விற்கத் தொடங்கினார். ஆண்டுகள் கடந்தன, பொருள்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு மரத்தில் இத்தனை மரமா என்று ஊர் ஐயுற்றது. 1799இல் மரணப்படுக்கையில் அவர், தாம் விற்றதெல்லாம் அந்த மரமே என்று சத்தியப் பிரமாணம் எழுதிக்கொடுத்தார். ஒரு வணிகன் சாகும் நேரத்தில் சரக்குக்காகச் சத்தியம் செய்யவேண்டி வந்ததென்றால், அந்தச் சந்தை எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1769 செப்டம்பரில் நடிகர் டேவிட் காரிக் ஸ்ட்ராட்ஃபோர்டில் மூன்று நாள் ஷேக்ஸ்பியர் விழா எடுத்தார். வாணவேடிக்கை, விருந்து, பாட்டு, முகமூடி நடனம், குதிரைப் பந்தயம் எல்லாம் இருந்தன. மழை கொட்டி ஏவன் ஆறு கரைபுரண்டு ஊர்வலத்தையே நிறுத்தும்படி ஆயிற்று. அவ்வளவு பெரிய விழாவில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றுகூட நடிக்கப்படவில்லை. நாடகமில்லாத நாடகாசிரியர் விழா! இலக்கியச் சுற்றுலா என்ற தொழில் பிறந்த வேளையிலேயே இலக்கியம் வெளியே நனைந்துகொண்டு நின்றது.

1786இல், பிற்காலத்தில் அமெரிக்க அதிபர்களாக விளங்கவிருந்த ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெஃபர்சனும் ஹென்லி தெருவுக்கு வந்தார்கள். கவிஞர் அமர்ந்ததாகக் காட்டிய நாற்காலியிலிருந்து, அங்குள்ள வழக்கப்படி, ஒரு சில்லு வெட்டிக்கொண்டார்கள். சில பத்தாண்டுகளுக்குப் பின் வந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், பக்தர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த நாற்காலிக்கு அடிக்கடி புதிய இருக்கை பொருத்தவேண்டியிருப்பதைக் கண்டு நகைத்தார். நகைத்துவிட்டு, இனிமையான பொய்யானால் நம்பிவிட்டுப் போவோமே என்றும் எழுதினார்.

நம்மை நோக்கி வைக்கப்படும் மறுப்பும் இர்விங்கின் அதே வாதம்தான். நண்பர் ஒருவர் கேட்டார்: "நம் ஊர்க் கோயில்களுக்கெல்லாம் தலபுராணம் இல்லையா? இந்திரன் வந்து பூசித்த இடம் என்றால் எந்த ஆண்டு, எந்தப் பத்திரம் என்று கேட்கிறோமா? ஸ்ட்ராட்ஃபோர்டின் தலபுராணத்தை மட்டும் ஏன் குடைகிறீர்கள்?"

நல்ல கேள்வி. நேரடியாகவே பதில் சொல்வோம். தலபுராணம் தன்னைத் தலபுராணம் என்றே சொல்லிக்கொள்கிறது. அதைக் கேட்பவருக்கும் அது எந்த வகை உண்மை என்பது தெரியும். ஹென்லி தெருவில் கேட்கும் கதை அருங்காட்சியகத்தின் குரலில், ஆண்டுக் கணக்கோடு வருகிறது. அதைக் கேட்டவர் ஊருக்குத் திரும்பி வந்து வரலாறு என்று எழுதுகிறார். பக்தியின் கடனை வரலாற்றின் கணக்கில் எழுதும் இந்தக் காரியத்தைத்தான் எதிர்க்கிறோம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அந்த ஊர் பயணிகளை நம்பிப் பிழைக்கிறது. சந்தேகத்தை விற்க முடியுமா? முடியும் என்பதற்கு அந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. நியூ பிளேஸ் மனையில் 2010 முதல் அகழாய்வு செய்தார்கள். கவிஞர் வாழ்ந்த வீட்டின் அமைப்பை அடித்தளங்களிலிருந்து கணித்தார்கள். நினைத்திருந்தால் அதன்மேல் ஒரு போலி வீட்டை எழுப்பி நுழைவுக்கட்டணத்தை உயர்த்தியிருக்கலாம். எழுப்பவில்லை. 2016இல், கவிஞர் மறைந்த 400ஆம் ஆண்டில், அந்த மனையைத் தோட்டமாகத் திறந்துவிட்டார்கள். வீடு இல்லை, வீடு இருந்த இடம் இருக்கிறது. இல்லை என்பதை இல்லை என்றே சொல்லும் அந்த வெற்றிடம், நம் பார்வையில், ஸ்ட்ராட்ஃபோர்டின் மிக நேர்மையான நினைவுச்சின்னம்.

அந்தத் தோட்டத்துக்கு நேர் எதிரே, தெருவைக் கடந்தால், நம் கட்டுரையாளர்கள் கடந்துபோய்விடும் ஒரு கட்டடம் நிற்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அது கில்டு சேப்பல். 13ஆம் நூற்றாண்டில் திருச்சிலுவைச் சங்கம் நிறுவிய வழிபாட்டிடம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை விரித்துக் கட்டியவர் ஹியூ கிளாப்டன். நியூ பிளேஸைக் கட்டியவரும் அவரே. லண்டன் மேயராக உயர்ந்த அந்த வணிகர் ஏவன் ஆற்றின் குறுக்கே பதினான்கு வளைவுகளுடன் கட்டித்தந்த கற்பாலம் இன்றும் வாகனங்களைச் சுமக்கிறது. சேப்பலின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டியிருந்தார்கள். பலிபீடப் பகுதிக்கு முன்னுள்ள வளைவின் மேலே கடைசித் தீர்ப்பு நாள்: கல்லறையிலிருந்து எழுவோர், நரகத்துக்கு இழுபடுவோர், மேலே கிறிஸ்து.

பிறகு மதச்சீர்திருத்தக் காலம் வந்தது. உருவங்களை அழிக்கவேண்டும் என்று அரசாணை. 1564 சனவரியில் நகராட்சி வைத்த கணக்கில், சேப்பலில் உருவங்களைச் சிதைத்ததற்கு இரண்டு ஷில்லிங் என்று ஒரு செலவு. அந்த ஆண்டுக் கணக்குக்குப் பொறுப்பேற்ற இரண்டு பொருளாளர்களில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர். எருக்குவியலுக்கு அபராதம் கட்டிய அதே ஜான். கணக்கை வைத்த மூன்று மாதங்களில் அவருக்கு வில்லியம் பிறந்தான்.

இதில் ஊகம் இல்லை. கணக்கேடு இருக்கிறது, சுவர் இருக்கிறது. ஓவியங்களைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு பூசி மறைத்ததால், 1804இல் அவை மீண்டும் கண்ணில் பட்டன. தீர்ப்பு நாளின் ஒரு பகுதி மங்கலாக இன்றும் தெரிகிறது. தந்தை மறைக்கவைத்த சித்திரத்தின்கீழ் மகன் வளர்ந்தான். அடுத்த கட்டடம்தான் கில்டு மண்டபம். அதன் மேல்மாடியில் பள்ளிக்கூடம். ஷேக்ஸ்பியர் அங்கே படித்தார் என்பதற்கும் ஆவணம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் அக்காலப் பள்ளிப் பதிவேடு எதுவும் எஞ்சவில்லை. ஆனால் ஜான் நகரத் தலைவராக இருந்த 1568–69இல் ஊருக்கு வந்த நாடகக் குழுக்களுக்குப் பணம் கொடுத்த கணக்கு உள்ளது. உருவங்களை அழிக்கச் செலவெழுதிய அதே கை நாடகத்துக்கும் செலவெழுதியது. காட்சியை மறைத்த ஊர் காட்சியை வரவேற்ற கதை இரண்டு செலவு வரிகளில் அடங்கியிருக்கிறது. இதைக் கண்டு சிலிர்க்காதவர் ஹென்லி தெரு மாடியில் சிலிர்ப்பதை நாம் எப்படி நம்புவது?

சுண்ணாம்பு அத்தோடு நிற்கவில்லை. 1793இல் எட்மண்ட் மலோன் என்ற பேரறிஞர், ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர்களில் தலைசிறந்தவர், ஹோலி டிரினிட்டி தேவாலயத்திலுள்ள கவிஞரின் வண்ணச் சிலைக்கு வெள்ளையடிக்க வைத்தார். வண்ணம் கொச்சையானது, வெண்மையே கண்ணியம் என்பது அவர் காலத்து ரசனை. 1861இல்தான் அந்த வெள்ளையை அகற்றி மறுபடி வண்ணம் தீட்டினார்கள். 1820இல் ஹென்லி தெரு வீட்டைக் காட்டிக் காசு பெற்றுவந்த மேரி ஹார்ன்பி என்ற விதவையை வெளியேற்றியபோது, அந்த அம்மையார் போகும்போது, பிறந்த அறையின் சுவர்களில் நிறைந்திருந்த யாத்திரிகர்களின் கையெழுத்துகள்மீது சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனார். சமயத்துக்காக ஒன்று, ரசனைக்காக ஒன்று, கோபத்துக்காக ஒன்று என்று அந்த ஊர் மூன்று வெள்ளையடிப்புகளைக் கண்டிருக்கிறது. நான்காவதை நம் பயணக் கட்டுரைகள் பூசிக்கொண்டிருக்கின்றன. வியப்பு என்ற சுண்ணாம்பு அது. பூசப் பூச அடியிலுள்ளது எதுவும் தெரிவதில்லை.

பழைய கட்டடத்தை எப்படி நேசிப்பது என்பதற்கு அந்த ஊரே ஓர் ஆசிரியரைத் தந்திருக்கிறது. மேரி கொரெல்லி. விக்டோரியா காலத்தின் இறுதியில் ஏராளமாக விற்ற நாவலாசிரியை. விமர்சகர்களின் ஏளனத்துக்கு ஏராளமாக ஆளானவர். வெனிஸிலிருந்து ஒரு கொண்டோலாப் படகைத் தருவித்து ஏவனில் மிதக்கவிட்ட ஆடம்பரக்காரர். அவருடைய நாவல்களை நாம் பரிந்துரைக்கப்போவதில்லை. ஆனால் 1903இல், கார்னெகி நன்கொடையில் நூலகம் கட்டுவதற்காக ஹென்லி தெருவின் பழைய வீடுகளை இடிக்கும் திட்டம் வந்தபோது, ஊர்ப் பெரியவர்களை எதிர்த்துத் தனியாகக் கிளம்பியவர் அவர்தான். அவதூறு வழக்கு வரை போய், கால் பென்னி நட்டஈட்டோடு வென்று, கேலிக்கு ஆளானார். இருந்தும் நூலகம் பழைய மரச்சட்டக் கட்டடம் ஒன்றுக்குள்ளேயே அமைந்தது. 1909இல், 1596ஆம் ஆண்டின் முகப்பு வேலைப்பாடு கொண்ட ஹார்வர்டு வீட்டை, சிகாகோ செல்வந்தர் ஒருவரை வாங்கச் செய்து செப்பனிட்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அளிக்கவைத்தார்.

அந்த வீடுகளில் ஷேக்ஸ்பியர் பிறக்கவில்லை, இறக்கவில்லை. அவை பழைய வீடுகள், நல்ல தச்சர்கள் கட்டியவை, ஊரின் முகம். அவ்வளவே காரணம். மகாகவியின் பெயர் ஒட்டாத வீட்டுக்காகவும் சண்டை போட ஓர் ஆள் இருந்ததால்தான், மகாகவி இன்று எழுந்து வந்தாலும் தம் தெருவைக் கொஞ்சமாவது அடையாளம் கண்டுகொள்ளக்கூடும்.

ஆகவே, அங்கே போகிற நம் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஹென்லி தெருவிலிருந்து தொடங்காதீர்கள். கிளாப்டன் பாலத்தில் நடந்து ஊருக்குள் வாருங்கள். கில்டு சேப்பலில் மங்கிய தீர்ப்பு நாளின்கீழ் அரைமணி நேரம் உட்காருங்கள். எதிரேயுள்ள வெறும் மனையில் நின்று, வீடு இல்லாததைப் பாருங்கள். ஹோலி டிரினிட்டியில் கல்லறையைப் பாருங்கள். 2016இல் ரேடார் கொண்டு அதை ஆராய்ந்தபோது, ஆழமில்லாத குழி, சவப்பெட்டிக்கான தடயமில்லை, தலைப்பகுதி கலைந்திருக்கிறது என்று கண்டார்கள். தலையோடு இருக்கிறாரா என்பதுகூட ஐயமே. இத்தனையையும் பார்த்தபின் ஹென்லி தெருவுக்குப் போங்கள். போகவேண்டாம் என்று சொல்லமாட்டோம். மாடியறையில் நில்லுங்கள். ஆனால் ஊருக்குத் திரும்பி எழுதும்போது 'பிறந்த அறை' என்று எழுதாதீர்கள். 'பிறந்ததாகச் சொல்லப்படும் அறை' என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் கூடுதல். அந்த ஒரு சொல்லில்தான் வாசகனுக்கு நாம் செலுத்தும் மரியாதை இருக்கிறது.

போன கையோடு அந்த வீட்டின் தோட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே ரவீந்திரநாத் தாகூரின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. தாகூர் அந்த வீட்டில் பிறந்தார் என்று யாரும் சொல்வதில்லை. அவர் அமர்ந்த நாற்காலி என்று எதையும் காட்டுவதில்லை. 1916இல், கவிஞரின் 300ஆம் நினைவாண்டில் வெளியான அஞ்சலித் தொகுப்புக்கு அவர் வங்காளத்தில் ஒரு கவிதை அளித்தார். இலங்கைத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் அதே தொகுப்பில் எழுதினார். நம் பம்மல் சம்பந்த முதலியாரோ சென்னையில் ஹாம்லெட்டை 'அமலாதித்ய'னாக மேடையேற்றினார். இவர்களை ஷேக்ஸ்பியரோடு இணைத்தது எந்த உத்திரமும் எந்த முசுக்கொட்டை மரமும் அன்று, படித்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சிலை அங்கே இருப்பதற்கான காரணத்துக்கு ஆதாரம் தேடவேண்டியதில்லை. அது நூலகத்திலேயே கிடைக்கும்.